பதினாறாவது தள்ளு

அன்று காலை கொடைக்கானல் பெட்ரோல் பங்கில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேனேஜர் ராமலிங்கம். என்னோடு பம்ப் தள்ளுகிற செல்லையா, பேத்துப்பாறைக்காரன். தாண்டிக்குடியில் ஒரு காப்பித் தோட்டத்து ஜீப்பை ஓட்டிய யாகப்பன். அதே தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. அவர் பெயரை நான் கடைசிவரை கேட்டுக்கொள்ளவில்லை. ஐந்தாவது ஆள் நான். பம்புக்குப் பக்கத்தில் ஒரு கார் நின்றது. அதில் ஆள் இல்லை. ஓட்டி வந்தவர் ஏரி பார்க்கப் போய்விட்டார். ஆகவே ஐந்துதான். இவ்வளவு கவனமாக எழுதக் காரணம் உண்டு. பின்னாளில் கொடைக்கானலில் குறைந்தது பத்துப் பேராவது தாங்கள் அன்று அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் சொன்ன கதையில் நான் திருடன்.

விஷயம் இதுதான். மாதக் கடைசிக் கணக்கில், தரைக்கு அடியில் இருந்த டேங்கில் நாற்பது காலன் பெட்ரோல் கூடுதலாக இருந்தது. அதே மாதம் தாண்டிக்குடித் தோட்டத்தில் நாலு காலன் குறைந்திருந்தது. அந்த நாலு காலனை வழியில் விற்றுவிட்டான் என்று யாகப்பனிடமிருந்து ஜீப் சாவியைப் பிடுங்கியிருந்தார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது என் வலது முழங்கை.

போன மாதம் பங்க் தொழிலாளர் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர் கேட்டார், "உங்க காலத்துல மீட்டரே கெடையாதாமே, எப்படிண்ணே அளந்தீங்க?" என்று. வாயால் சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்றார்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளவும்.

எனக்குச் சொந்த ஊர் பாலசமுத்திரம். கொஞ்சம் மாந்தோப்புக் காவல், கொஞ்சம் வண்டிச் சோலி என்று இருந்தவனை, ஐம்பதுகளின் நடுவில் ஒரு லாரிக்காரர் மேலே கூட்டிக்கொண்டு போய் பங்கில் சேர்த்துவிட்டார். முதல் வருடம் முழுவதும் நான் கற்றுக்கொண்டது பயப்படத்தான். பீடி பிடிக்கிற யாரைப் பார்த்தாலும் ஓடிப்போய் அணைக்கச் சொல்வேன். சாலையின் எதிர்ப்பக்கம் போகிறவரைக்கூட. செல்லையா எனக்கு ஃபயர் இஞ்சின் என்று பெயர் வைத்தான்.

அந்தக் காலத்துப் பம்ப் ஓர் இரும்புத் தூண். ஆளைவிட உயரம். அதன் தலையில் இரண்டு கண்ணாடிக் குடுவைகள், ஒவ்வொன்றும் ஒரு காலன், இன்றைய கணக்கில் நாலரை லிட்டர். நெஞ்சு உயரத்தில் ஒரு கைப்பிடி. கைப்பிடியை முன்னே தள்ளிப் பின்னே இழுத்தால் தரைக்கு அடியிலிருந்து பெட்ரோல் ஏறி ஒரு குடுவை நிறையும். குடுவையில் ஒரு கோடு உண்டு. கோட்டைத் தொட்டதும் பக்கத்தில் இருக்கிற திருகைத் திருப்ப வேண்டும். நிறைந்த குடுவை ஹோஸ் வழியாகக் காருக்குள் இறங்கும். அது இறங்கும்போதே மற்றக் குடுவையை நிரப்ப வேண்டும். இப்படி மாறி மாறி. பத்துக் காலன் போட்டால் பத்துத் தடவை திருகு திருப்பியிருப்போம். முன்னும் பின்னும் சேர்ந்தது ஒரு தள்ளு. எங்கள் பம்பில் பதினாறு தள்ளினால் கோடு தொடும். கண்ணை மூடிக்கொண்டு எண்ணினாலும் பதினாறுதான். மேகம் இறங்கிக் குடுவையே தெரியாத நாட்களில் அப்படித்தான் எண்ணித் தள்ளுவோம்.

மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. மனசு நன்றாக இருந்தால் எங்களை "ஏலே" என்பார், "வாலே போலே" என்பார். கோபம் வந்தால் மரியாதை வந்துவிடும். "இந்தத் துணிய யாருங்க இங்க போட்டது?" என்று கேட்டார் என்றால் செல்லையாவும் நானும் வெலவெலத்துப் போவோம். ஒரு தடவை விற்பனைச் சீட்டில் கூட்டல் தப்பாகப் போட்ட செல்லையாவை, "உக்காருங்க, காப்பி சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். அவன் அன்று மதியம் சாப்பிடவே இல்லை.

டிப் பார்ப்பதை, அதாவது டேங்கில் இருப்பை அளப்பதை, அவர் யாரிடமும் விட மாட்டார். தினமும் காலையில், முதல் கார் வருவதற்கு முன், டேங்கில் பெட்ரோல் அசையாமல் இருக்கும்போது பார்க்க வேண்டும். மூடியைத் திறப்பார். நீளமான பித்தளைக் குச்சியைத் துணியால் துடைத்து, சாக்குக்கட்டியை ஒரு தேய்ப்புத் தேய்ப்பார். அடியைத் தொடும்வரை மெதுவாக இறக்குவார், இடிக்கக் கூடாது. எடுத்துச் சாக்குக்கட்டி நனைந்த இடத்தைப் பார்ப்பார். துடைத்து மறுபடி இறக்குவார். இரண்டும் ஒத்துவந்தால்தான் நோட்டில் எழுதுவார். இரண்டுக்கும் நடுவில் யாராவது பேசினால் முதலிலிருந்து தொடங்குவார். குச்சியில் ஒரு கோடு என்பது எட்டுக் காலன். ஒரு காலன், ரெண்டு காலன் வித்தியாசம் தினசரி டிப்பில் தெரியாது. மாதக் கடைசியில், வந்த லாரி லோடையும் விற்ற சீட்டையும் வைத்துக் கணக்குப் போடும்போதுதான் தெரியும். எப்போதும் கொஞ்சம் குறையும். ஆவியாகப் போனது என்று எழுதுவார்.

இனி என் கை.

மேலே வந்த இரண்டாவது சீசனில் ஆரம்பித்தது. முதலில் சட்டைப் பொத்தான் போடும்போது. முழங்கையைப் பாதிக்கு மேல் மடக்கினால், உள்பக்கத்தில் இருக்கும் எலும்பு முண்டின் மேல் ஏதோ ஒன்று ஏறி அந்தப் பக்கம் விழும். அதன் பின்னாலேயே இன்னொன்று ஏறி விழும். டக், டக். கையை நீட்டினால் திரும்பவும் அதே இரண்டு. வலி பெரிதாக இல்லை, அருவருப்பாக இருந்தது. பிறகு வலி வந்தது. மேல்கையின் பின்பக்கம், முழங்கைக்கு நாலு விரற்கடை மேலே, ஈரத்துணியைப் பிழிவதுபோல் யாரோ முறுக்குவார்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். காப்பி டம்ளர் கையில் இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

வலி மட்டும் என்றால் பொறுத்திருப்பேன். அதற்கு ஒரு முறை கிடையாது, அதுதான் என்னைத் தின்றது. பத்து நாள் ஒன்றுமே இருக்காது. சரியாகிவிட்டது என்று நினைத்த காலையில் பல் துலக்க முடியாது. என்ன செய்ததால் வந்தது என்று யோசித்துக்கொண்டே இருப்பேன். குளிர் என்று கம்பளி சுற்றினேன். கத்தரிக்காய் சாப்பிட்ட அன்று வந்தது என்று கத்தரிக்காயை விட்டேன். வலதுபக்கம் ஒருக்களித்துப் படுத்ததால் என்று மல்லாந்து படுத்தேன். எல்லாவற்றையும் விட்ட பிறகும் வந்தது.

பழனியில் எலும்புக் கட்டுப் போடுகிறவரிடம் போனேன். உளுந்து மாவும் முட்டையும் குழைத்து, மூங்கில் தப்பை வைத்து, கையை நீட்டியபடி இருபத்தோரு நாள் கட்டினார். மேனேஜரிடம் ஊரில் விசேஷம் என்று பொய் சொல்லி லீவு. கட்டுக்குள் இருந்தவரை கை சொர்க்கம். திரும்பி வந்து பம்பைப் பிடித்த மூன்றாம் நாள் பழையபடி.

மதுரையில் ஒரு டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரே எடுத்தார். விளக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டி, "எலும்பு சுத்தமா இருக்கே" என்றார். எலும்பு இல்லைங்க, டக் டக் என்று ஒன்று குதிக்கிறது என்றேன். மடக்கிக் காட்டச் சொன்னார். பத்துத் தடவை மடக்கினேன். அன்று பார்த்து ஒரு சத்தமும் இல்லை.

"நீங்க ரொம்ப யோசிக்கிற ஆளா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"அதுதான் வியாதி. கையில ஒண்ணும் இல்ல."

சிவப்பாக ஒரு மாத்திரை கொடுத்தார். பஸ் ஏற ஸ்டாண்டுக்கு வந்து சட்டைப் பையிலிருந்து காசு எடுத்தேன். டக், டக். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பயந்த சுபாவம் உள்ளவனிடம் உன் பயம்தான் நோய் என்று சொன்னால் அவன் எதைக் கொண்டு மறுப்பான்? என் வீட்டுக்காரிதான், நான் ஒரு தடவை ஊருக்குப் போயிருந்தபோது, சொன்னாள், "தூக்கத்துல கைய மடக்குறீங்க, சுள்ளி ஒடியிற மாதிரி எனக்குக் கேக்குது. தூக்கத்துலயுமா பயப்படுவீங்க?" என்று. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் திரும்ப மலை ஏறினேன்.

ஏன் மேனேஜரிடம் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். எனக்கு முன்னால் அந்தப் பம்பில் இருந்தவர் இடுப்பு வலி என்று சொன்னார். ரெண்டு மாதச் சம்பளம் கொடுத்து மரியாதையாக ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவருக்காவது நடக்கும்போது இடுப்பு சாய்ந்தது, பார்த்தவர்கள் நம்பினார்கள். எனக்கோ எக்ஸ்ரேகூட எதிராகச் சாட்சி சொல்லிற்று.

மூன்றாவது சீசன். சித்திரை மாதம், கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ஒரு காருக்கு ஆறாவது காலன் தள்ளிக்கொண்டிருந்தேன். பதினைந்தில் கை நின்றுவிட்டது. கைப்பிடி நெஞ்சுக்கு அருகில், முழங்கை முழுக்க மடங்கி. அங்கிருந்து முன்னே தள்ளப் பின்பக்கத் தசைக்கு உயிர் இல்லை. குடுவையில் கோட்டுக்குக் கீழே ஒரு விரற்கடை பாக்கி. பின்னால் ஹார்ன் அடிக்கிறார்கள். நான் இடது கையால் திருகைத் திருப்பிவிட்டேன்.

யாரும் பார்க்கவில்லை. சீசனுக்கு வருகிறவர்கள் மலையைப் பார்ப்பார்கள், குடுவையைப் பார்க்க மாட்டார்கள். அடுத்த காலனுக்குப் பதினேழு தள்ளி ஈடுகட்டிவிடலாம் என்று நினைத்தேன். அதற்கும் பதினைந்துதான் தள்ள முடிந்தது. மறுநாள் முதல் காருக்கே பதினைந்தில் நிறுத்தினேன். கை அப்போது நன்றாகத்தான் இருந்தது. பதினாறாவதில் என்ன ஆகுமோ என்ற பயம் மட்டும். இதை மறைக்காமல் எழுதுகிறேன். அந்த மாதம் பாதி வலி, பாதி பயம். எந்தக் காலன் எதில் சேர்ந்தது என்று எனக்கே தெரியாது.

எங்களை நம்பிக் குடுவைக்கு முதுகு காட்டி நின்ற இன்னொரு ஆள் யாகப்பன். வாரம் இரண்டு தடவை மருந்து, தபால், பலசரக்கு வாங்கத் தோட்டத்திலிருந்து மேலே வருவான். வரும்போது பட்டாளத்து இரும்புக் கேன் இரண்டு கொண்டுவருவான். ஒவ்வொன்றிலும் நாலு காலன். நான் தள்ள, அவன் ஜீப்புக்குப் பின்னால் சாமானை இழுத்துக் கட்டிக்கொண்டிருப்பான். எனக்கென்று இரண்டு மலைவாழைப்பழம் ஜீப் இருக்கையில் வைத்திருப்பான். அந்த மாதமும் வாங்கித் தின்றேன்.

மாதக் கடைசிக் காலை. மேனேஜர் டிப் பார்த்தார். மூன்றாவது தடவையும் பார்த்தார். மூன்று தடவை பார்த்து நான் அறிந்ததில்லை. உள்ளே போய் நோட்டை வைத்துக்கொண்டு நெடுநேரம் கூட்டினார். வெளியே வந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக் கேட்டார்.

"நாப்பது காலன் கூட இருக்கு. எப்படிங்க?"

'ங்க' வந்துவிட்டது.

செல்லையா, "கூடத்தானே இருக்கு? நல்லதுதான?" என்றான்.

"கொறைஞ்சா ஆவின்னு எழுதுவேன். லாரிக்காரன்னு எழுதுவேன். கூடுனா என்னன்னுங்க எழுதறது? டேங்குக்குள்ள பெட்ரோல் குட்டி போடுமா?"

எங்களுக்குப் புரிந்தது. கூடுதல் என்றால் வாங்க வந்தவனுக்குக் குறைத்துக் கொடுத்திருக்கிறோம். குறைத்து மிச்சம் பிடித்ததை என்றைக்காவது ஒரு நாள் வெளியே விற்க வைத்திருக்கிறோம் என்று அர்த்தம். செல்லையாவுக்கு முகம் வெளுத்தது. அவன் மூன்று பிள்ளைக்காரன். "முத்துச்சாமி, நீ சொல்லுலே, நாம அப்படிப்பட்ட ஆளா?" என்று என்னைப் பார்த்தான். நான் வாய் திறக்காத ஒவ்வொரு நொடியும் அவனையும் சேர்த்துத் திருடனாக்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் தாண்டிக்குடி ஜீப் வந்து நின்றது. ஓட்டியது கணக்கப்பிள்ளை. பக்கத்தில் யாகப்பன், ஓட்டுகிறவன் இடத்தில் இல்லாமல் கைதிபோல் உட்கார்ந்திருந்தான். உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். சாவியைப் பிடுங்கியபின் காப்பிக் கன்றுக்குக் குழி வெட்ட அனுப்பியிருந்தார்கள்.

கணக்கப்பிள்ளை கையில் ஒரு குச்சி. கேனுக்குள் விட்டு அளக்க அவரே கோடு கீறியது. "மேனேஜர், ஒவ்வொரு கேன்லயும் கால் காலன் கொறையுது. ஒரு மாசமா. நாலு காலன் போயிருச்சு. இவன் வழியில இறக்கிட்டான்னு நாங்க சொல்றோம். இவன் பங்க்ல கேளுங்கங்கிறான். அதான் கேக்க வந்தோம்."

மேனேஜர் குச்சியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "கேன்ல ஊத்துனது யாருங்க?" என்று யாகப்பனிடம் கேட்டார்.

"முத்துச்சாமியண்ணன். ஆனா அண்ணன் அளந்தா தப்பாதுங்க. பயந்த மனுசன். சாமி கும்பிடுற மாதிரி கண்ணாடியவே பாத்துக்கிட்டு நிப்பாரு. அண்ணே, நீங்களே சொல்லுங்கண்ணே."

அவன் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறான்.

"நான்தான்," என்றேன். "பதினஞ்சுதான் தள்ளுனேன். பதினாறு தள்ளல. எனக்குக் கை வரலை."

கணக்கப்பிள்ளை சிரித்தார். "கை வலிச்சா பெட்ரோலா கொறையும்? நல்லா இருக்குய்யா உங்க மலை."

"எந்தக் கைங்க?" என்றார் மேனேஜர்.

எல்லாவற்றையும் சொன்னேன். கட்டு, எக்ஸ்ரே, மாத்திரை, டாக்டர் சொன்னது. சொல்லும்போதே தெரிந்தது, சொல்லச் சொல்லப் பொய்போல் கேட்கிறது என்று. எலும்பில் ஒன்றுமில்லை என்று காசு கொடுத்துக் கேட்டுக்கொண்டு வந்தவன் நான்.

மேனேஜர் முழுக்கக் கேட்டார். உள்ளே போய் முத்திரை போட்ட அளவுப் பாத்திரத்தைக் கொண்டுவந்தார். வருடத்துக்கு ஒரு தடவை எடை அளவு இன்ஸ்பெக்டர் வரும்போதுதான் அதை எடுப்பார். "ஒரு காலன் தள்ளுங்க. எப்பவும் போல." தள்ளினேன். ஐந்து பேரும் எண்ணுகிறோம். பதினைந்தில் நின்றேன். பாத்திரத்தில் பிடித்துப் பார்த்தார், துடைத்தார். மறுபடி ஒன்று. பிறகு மூன்றாவது. மூன்றும் ஒரே அளவில் குறைந்தது. பிறகு உள்ளே போய் நான் எழுதிய சீட்டுகளை மட்டும் பிரித்துக் கூட்டினார். வெளியே வந்து படித்தார்.

"இவரு கையால வித்தது அறுநூத்து எழுபத்தி ரெண்டு காலன். பதினாறுல ஒண்ணுன்னா நாப்பத்தி ரெண்டு. டேங்குல நாப்பது. ரெண்டு காலன் ஆவி."

"அப்ப வேணும்னே கொறைச்சிருக்காரு," என்றார் கணக்கப்பிள்ளை. "கணக்குச் சரியாத்தான் இருக்கு. கை வலிங்கிறதுதான் இடிக்குது."

அவர் சொன்னதில் தப்பில்லை. கணக்கு என் குற்றத்தை நிரூபித்தது. என் கையை நிரூபிக்கவில்லை.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "சட்டையக் கழட்டுங்க."

குளிரில் பனியனோடு நின்றேன். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். வலது கையின் இரண்டு விரலை என் முழங்கையின் உள்பக்கத்தில், டாக்டர் நாடி பார்ப்பதுபோல் வைத்தார். டிப் குச்சியை இறக்குவதுபோலவே மெதுவாக மடக்கினார். மதுரையில் நடந்ததுபோல் இன்றும் சும்மா இருந்துவிட்டால் என்ற பயம். உடம்புக்குள் இருக்கிற வலியை வா, வா என்று நான் அழைத்தது அந்த ஒரு தடவைதான்.

டக்.

அவர் விரல் நின்றது. இன்னும் கொஞ்சம் மடக்கினார்.

டக்.

கையை நீட்டித் திரும்பவும் மடக்கினார். இரண்டாவது தடவையும் ஒத்துவர வேண்டும் அவருக்கு. டக், டக். பிறகு கணக்கப்பிள்ளையைப் பார்த்து, "வெரல வச்சுப் பாருங்க" என்றார். அவர் வைத்துப் பார்த்தார். சட்டென்று விரலை எடுத்துக்கொண்டார், கோழிமுட்டைக்குள் குஞ்சு அசைந்ததுபோல். செல்லையாவும் பார்த்தான். "ஏலே, உள்ள ரெண்டு பேரு கிட்டிப்புள்ளு ஆடுறாய்ங்க" என்றான். யாகப்பன் மட்டும் தொடவில்லை.

மேனேஜர் சட்டையை எடுத்து என்னிடம் கொடுத்தார். "போட்டுக்கலே, குளுருது," என்றார்.

அந்த 'லே'யைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் அதோடு விடவில்லை. அன்றே தாண்டிக்குடிக்குப் போய்த் தோட்டத்து மேனேஜரிடம் நானே சொல்ல வேண்டும் என்றார். செல்லையாவைப் பங்கில் வைத்துவிட்டு, தானும் வந்தார். பெருமாள்மலை இறங்கி, பண்ணைக்காடு வழியாக ஜீப் போயிற்று. இருக்கிற கேனில் நாலு காலன், என் கண் எதிரில் செல்லையா பதினாறு பதினாறாகத் தள்ளி நிரப்பியது. அது தோட்டத்துக்குச் சேர வேண்டியது.

தோட்டத்து மேனேஜரை அங்கே துரை என்றுதான் சொல்வார்கள், அவர் மதுரைப்பக்கத்துத் தமிழர்தான். வராந்தாவில் நின்றபடியே கேட்டார். நான் சொன்னதைவிடக் கணக்கப்பிள்ளை சொன்னது அவருக்கு உறைத்தது. "நான் தொட்டுப் பாத்தேன் சார். நெசந்தான்." துரை என் கையைப் பார்க்கவில்லை. யாகப்பனைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார். பிடித்த சம்பளத்தைச் சனிக்கிழமை வாங்கிக்கொள் என்றார். தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று ஒரு வார்த்தை அவரிடமிருந்து வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அதைச் சொல்ல வேண்டியவன் நான்தான் என்று அப்புறம் உறைத்தது.

திரும்பும்போது யாகப்பன் ஓட்டினான். கொப்புளம் உடைந்த கைகளில் துணி சுற்றியிருந்தான். மேனேஜர் பின்னால் தூங்கிவிட்டார். பண்ணைக்காடு தாண்டி ஒரு வளைவில் வண்டியை ஓரம் கட்டினான். என்னைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தபடி சொன்னான்.

"அண்ணே, ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல? கை வரலடான்னு. நான் சும்மாதான நின்னேன். அந்தப் பதினாறாவத நான் தள்ளிருப்பேன்ல?"

வண்டியை எடுத்தான்.

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. ஒரு காகிதத்தில் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார் மேனேஜர். என் எழுத்தில் மூன்று மணி நேரம் ஆயிற்று. அதன்பின் தள்ளுவது செல்லையா, ஹோஸ் பிடிப்பது, சீட்டு எழுதுவது, டயருக்குக் காற்றுப் பிடிப்பது நான். "நீ வாய்க்காலப் பாரு, ஏத்தம் எறைக்க நான் இருக்கேன்" என்பான். அவன் லீவு எடுக்கும் நாட்களில் நானும் தள்ளியாக வேண்டும். மேனேஜர் ஒரு வழி கண்டுபிடித்தார். பம்புக்கு ஓர் அடி தள்ளி ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நிற்கச் சொன்னார். தள்ளி நின்றால் கைப்பிடி திரும்பி வரும்போது முழங்கை அவ்வளவு மடங்காது. கையை நீட்டமாகவே வைத்து, இடுப்பை முன்னும் பின்னும் கொண்டுபோய் உடம்புப் பாரத்தால் தள்ள வேண்டும். பார்ப்பதற்கு ஆட்டம்போல் இருக்கும். சீசன் பிள்ளைகள் நின்று சிரிப்பார்கள். ஆனால் பதினாறும் வந்தது.

வலி போகவில்லை. இன்றைக்கும் போகவில்லை. எப்படி மடக்காமல் இருப்பது என்று கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான். சோறு பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகும்போது கையைக் கொண்டுபோகாமல் தலையைக் கொண்டுபோவேன். இடது கையால் சவரம். தூங்கும்போது ஒரு துண்டை முழங்கையில் தளர்வாகச் சுற்றிக்கொண்டால் தூக்கத்தில் மடங்காது. அறுபதுகளின் கடைசியில் பங்குக்கு வந்த ஓர் இளம் டாக்டர், காருக்குப் பெட்ரோல் போடும் நேரத்தில் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, தசையின் ஓரமும் ஒரு நரம்பும் சேர்ந்து எலும்பைத் தாண்டிக் குதிப்பதுபோல் இருக்கிறது, புத்தகத்தில் படித்த ஞாபகம் இல்லை என்றார். பேர் தெரியாவிட்டாலும் இருக்கிறது என்று ஒரு டாக்டர் ஒத்துக்கொண்டாரே, அது எனக்குப் போதுமாக இருந்தது.

யாகப்பன் வாரம் இரண்டு தடவை வந்துகொண்டுதான் இருந்தான். அந்த நாளுக்குப் பிறகு ஜீப்பை விட்டு இறங்கியதும் நேரே பம்புக்கு வந்து கைப்பிடியை அவனே பிடித்துக்கொள்வான். கண்ணாடியைப் பார்த்தபடி பதினாறு எண்ணுவான். எனக்கு உதவியா, என்மேல் நம்பிக்கை இல்லையா என்று நான் கேட்கவில்லை. காலன் போய் லிட்டர் வந்து, பிறகு கரண்ட் பம்பும் வரும்வரை அப்படித்தான்.

நான் குறைத்த நாற்பத்திரண்டில், தோட்டத்துக்கு நாலு காலன் கொடுத்தது போக மிச்சம் முப்பத்தெட்டு காலன். அதற்குக் காசு கொடுத்தவர்கள் சென்னை, கோயமுத்தூர், திருச்சி என்று வந்துபோன கார்க்காரர்கள். சீட்டில் வண்டி எண் எழுதும் வழக்கம் அப்போது எங்களிடம் இல்லை. குறைந்தது என்று யாராவது வந்து கேட்டால் கொடுப்போம் என்று மேனேஜர் மூன்று மாதம் தனியாக ஒரு பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். ஒருவரும் வரவில்லை. தங்களுக்குக் குறைந்தது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. அப்புறம் அது பங்க் முதலாளி கணக்கில் சேர்ந்துவிட்டது. என் சம்பளத்தில் மாதா மாதம் பிடித்துக்கொள்ளுங்கள் என்று மேனேஜரிடம் கேட்டேன்.

"பிடிச்சு யாருக்குலே கொடுக்கச் சொல்ற?" என்றார்.

இன்றுவரை தெரியவில்லை. மலைமேல் அப்போது காலன் மூன்றேகால் ரூபாய். முப்பத்தெட்டு காலனுக்கு நூற்று இருபத்து மூன்று ரூபாய் ஐம்பது காசு.